பள்ளிப் பிள்ளையின் சோற்றுப்பொதி

பிள்ளைகளுக்குச் சத்துள்ள மதிய உணவைக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள் என்பது, பெற்றோர் கூட்டங்கள் தோறும் ஆசிரியர்களாகிய நாம் வழங்கிவரும் புத்திமதி. தவிட்டரிசிச் சோறு, அவித்த பயறு, முருங்கையிலை வறை, நெத்தலி, ஒரு வாழைப்பழம் என்று பட்டியலும் ஒப்புவிக்கிறோம். பட்டியலில் பிழையில்லை. ஆனால், அப்பொதியைத் தாயின் கை மட்டுமா கட்டுகின்றது? தகப்பனின் நாட்கூலி, சந்தையின் விலை, ஊரின் சாதிக்கட்டு, திறைசேரியின் கணக்கு ஆகிய பல கைகள் சேர்ந்தல்லவா அதைக் கட்டுகின்றன! இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நாம் அறிதல் வேண்டும்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது ஏழைத் தாய்மார் யாவரும் அறிந்த செய்தி. அரசுகளோ அதனை மிகவும் தாமதித்தே அறிந்தன. இங்கிலாந்தில் அவ்வறிவு பிறந்த கதை விசித்திரமானது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்திற்கு ஆட்சேர்த்தபோது, தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்களுட் பெருந்தொகையினர் உடல்வலுவற்றவர்கள் எனக் கழிக்கப்பட்டனர். சாம்ராச்சியத்துக்குச் சிப்பாய்கள் போதாமற் போகவே ஆளும் வர்க்கம் திடுக்கிட்டது. 1904இல் ஒரு விசாரணைக்குழு அறிக்கை சமர்ப்பித்தது. 1906இல், தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தரும் சட்டமாயிற்று. பிராட்போர்ட் நகரத் தொழிலாளர் இயக்கம் அதற்கு முன்பே இக்கோரிக்கைக்காகப் போராடி வந்தது. போராடியவர் கண்ணில் தெரிந்தது பிள்ளையின் பசி. சட்டம் இயற்றியவருட் பலர் கண்ணில் தெரிந்ததோ நாளைய சிப்பாய்.

பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கிய பிட்டி தியாகராயச் செட்டியார் 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வழங்க ஏற்பாடு செய்தார். வறிய பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்க்கவும், வந்தவரை நிலைக்கச் செய்யவும் வகுத்த வழி அது.

நம் நாட்டின் நிலை யாது? 1933இல், கொழும்பில் ஆராய்ச்சி நடத்திவந்த டாக்டர் லூசியஸ் நிக்கல்ஸ், விற்றமின் குறைவால் தோல் தேரையின் முதுகைப்போலச் சொரசொரப்பாகிவிடும் நோயொன்றை விவரித்தார். உடல் வற்றிய குழந்தையைக் கண்டு தேரைத்தோஷம் என்று கூறித் தாயத்துக் கட்டிய சமுதாயத்துக்கு, தோஷம் தேரையில் இல்லை, வெறுஞ்சட்டியில் இருக்கிறது என்று விஞ்ஞானம் சொல்லத் தொடங்கிய காலம் அது. அடுத்த ஆண்டே அதற்குப் பயங்கரமான சான்று கிடைத்தது. 1934-35இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் குடித்தது. கேகாலை, குருநாகல் பகுதிக் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், நுளம்பை மட்டுமன்றிப் பட்டினியையும் அங்கே கண்டனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா போன்றோர், கொயினாவோடு உணவும் வேண்டும் என வற்புறுத்தினர். வீடு வீடாகப் பருப்புக் கொண்டுசென்ற என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்ற பெயரே வழங்கலாயிற்று. இலங்கையின் இடதுசாரி இயக்கம் நூல்களிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. பருப்புச் சட்டியிலிருந்தும் பிறந்தது.

வடக்கிலோ பசியோடு இன்னொரு பகையும் சேர்ந்திருந்தது. குரக்கன் பிட்டும் ஒடியற் பிட்டும் ஏழையின் உணவு. தீட்டிய வெள்ளையரிசிச் சோறு வசதியுள்ளோரின் உணவு. சத்தின் கணக்கிற் பார்த்தால், சுண்ணாம்புச் சத்து மிகுந்த குரக்கன் வெள்ளைச் சோற்றுக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. தீட்டத் தீட்ட அரிசியின் விற்றமின் தவிட்டோடு போய்விடும். எனினும் கௌரவத்தின் கணக்கு வேறு. குரக்கன் பிட்டுக் கொண்டுவந்த பிள்ளை பொதியை மறைத்து உண்டது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கோ உட்கார வாங்கே இல்லை. அது நிலத்திலிருந்து படித்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார் சமாசனம், சமபோசனம் என்று முழங்கியது இவ்வநீதிக்கு எதிராகவே. 1929-30இல் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சமாசனம் வழங்குமாறு பணிக்கப்பட்டபோது, அதைப் பொறாத சாதிவெறியர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். ஒரே வாங்கில் இருத்தலுக்கே இவ்வளவு எதிர்ப்பென்றால், ஒரே பந்தியில் உண்ணுதல் எத்துணைப் பெரிய புரட்சி! எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பானையிலிருந்து வழங்கப்படும் உணவு வயிற்றை மட்டும் நிரப்புவதன்று. வருணத்தின் அடித்தளத்தையும் அசைப்பது.

1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்களின் காலத்தில் பாடசாலை மதிய உணவு பரவியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணமில்லாத வகுப்பறையும் இலவச உணவும் ஒரே கொள்கையின் இரு கரங்கள். வயிறு காய்ந்த பிள்ளைக்குக் கதவை மட்டும் திறந்துவிடுவதால் யாது பயன்?

அந்த இரண்டாவது கரத்தைத்தான் 1953இல் வெட்டினார்கள். கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த றப்பர் விலை வீழ்ந்தது. இறக்குமதி அரிசியின் செலவு உயர்ந்தது. மானியங்களைக் குறைக்குமாறு உலக வங்கித் தூதுக்குழுவும் ஆலோசனை கூறியிருந்தது. நெருக்கடி மெய்யானதே, ஆயின், அதன் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதன்றோ கேள்வி? டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் நிதி மந்திரியாயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா விடை கூறினார்: பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது; தபால், ரயில் கட்டணங்கள் உயர்ந்தன; பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. வீட்டு உலையிலும் அரிசி குறைந்தது. பள்ளிப் பானையும் கவிழ்ந்தது. ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் தண்டிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால். லங்கா சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியும் முன்னின்றன. தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. மேற்கு, தெற்குக் கரையோரங்களிற் புகையிரதப் பாதைகள் பெயர்க்கப்பட்டன. மந்திரிசபை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்லாந்து’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டன. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். அரிசி விலையும் பின்னர் ஓரளவு இறக்கப்பட்டது. சிங்களரும் தமிழரும் ஒரே பசிக்காக ஒன்றுபட்டெழுந்த அந்த நாளை நமது வரலாற்றுப் பாடப் புத்தகங்கள் எவ்வளவு அவசரமாகக் கடந்து செல்கின்றன!

மூன்றாண்டுகளின் பின்னர், 1956இல், சென்னை இராச்சியத்தில் காமராசரின் அரசு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் செல்வம் கொழித்த அரசன்று. பணப் பற்றாக்குறையைக் காட்டி ஒரு கரை பானையைக் கவிழ்த்தது. அதே பற்றாக்குறையின் நடுவே மறு கரை பானையை ஏற்றியது. வேறுபாடு திறைசேரியில் இல்லை; கொள்கையில் இருந்தது. நம் பாடசாலைகளுக்கோ பிற்காலத்தில் அந்நிய தர்மமாகப் பால்மாவும் விசுக்கோத்தும் வந்தன. பசித்த பிள்ளை அவற்றை உண்டது. நாம் குறை கூறோம். ஆனால் உரிமையாய் இருந்தது தருமமாகச் சுருங்கியதை மறக்கவும் கூடாது.

இவை பழங்கதையல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை அந்நாட்களில் ஆசிரியர்கள் தாங்கிப் பிடித்தனர். பொதியில்லாத வெட்கத்தால் பள்ளிக்கு வராது நின்ற பிள்ளைகளும் இருந்தனர். 2024 மார்ச்சில் ஆரம்ப வகுப்புகள் அனைத்துக்கும் பாடசாலை உணவு விரிவாக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயின், ஐந்தாம் வகுப்போடு பசி நின்றுவிடுமா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயிறு இல்லையா?

ஆகவே, சத்துணவுப் பட்டியலை நாம் கைவிட வேண்டியதில்லை. தவிட்டரிசியின் பெருமையையும் குரக்கனின் வலிமையையும் வகுப்பிற் போதிப்போம். குரக்கன் பிட்டு வெட்கத்துக்குரியதன்று என்பதை அதனை உடனிருந்து உண்டு காட்டுவோம். ஆனால், வெறும் பெட்டியோடு வந்த பிள்ளையின் தாயை அறியாமைக்காரி என்று பழிப்பதை நிறுத்துவோம். அவள் அறியாதது ஒன்றுமில்லை. அவளிடம் இல்லாதது அரிசி. அவளிடம் பட்டியலை நீட்டும் அதே கையால், ஆளுவோரிடம் ஒரு கோரிக்கையையும் நாம் நீட்ட வேண்டும்: பாடசாலை உணவு வரவுசெலவுத் திட்டத்தின் இரக்கத்தில் தொங்கும் சலுகையாக இருத்தலாகாது, இலவசக் கல்வியைப் போலச் சட்டம் காக்கும் உரிமையாதல் வேண்டும்.