இரண்டு தொட்டி, ஓர் எஞ்சின்: கேரளக் கடற்கரையின் மண்ணெண்ணெய் வரலாறு

கேரள மீன்பிடித் துறையின் நவீன வரலாறு பெரும்பாலும் இழுவைப் படகுகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1952இல் கையெழுத்தான ஒப்பந்தம், அதன் வழியே கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம், இறால் ஏற்றுமதி, 1988 முதல் நடைமுறைக்கு வந்த மழைக்கால இழுவைத் தடை ஆகியவை அதில் தவறாமல் இடம்பெறும். அதே கரையில் சிறு வள்ளங்களின் பின்புறம் பொருத்தப்படும் அவுட்போர்டு எஞ்சினுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த எஞ்சினில் நேரும் எரிபொருள் பழுதுகளைக் கொண்டே அவ்வரலாற்றை எழுதிவிட முடியும் என்பது என் வாதம்.

இழுவைப் படகுகள் கரையோரக் கடலை ஆக்கிரமித்தபோது, துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த மீனவர்கள் போட்டியில் பின்தங்கினர். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் வேகமாக அவுட்போர்டுக்கு மாறியதன் பின்னணி இதுவே. அந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை ஜப்பானியத் தயாரிப்புகள். அடிப்படையில் அவை பெட்ரோலுக்காகப் பிறந்த வடிவமைப்புகள். பெட்ரோலோ விலை மிகுந்தது. ஏழை வீடுகளின் விளக்குக்கும் அடுப்புக்குமென அரசு மானியம் கொடுத்த மண்ணெண்ணெய் மலிவானது. அமுக்க விகிதத்தைக் குறைத்து மண்ணெண்ணெய்க்கென்றே உருவாக்கிய வகைகளையும் நிறுவனங்கள் விற்றன. இப்படித்தான் விளக்கெண்ணெய்க்கு மாற்றாக வீட்டுக்குள் வந்த ஓர் எரிபொருள் கடலுக்குப் போயிற்று.

பெயரிலும் அந்த வீட்டு வாழ்வின் தடயம் இருக்கிறது. தமிழில் ‘மண்ணெண்ணெய்’, மலையாளத்தில் ‘மண்ணெண்ண’. கன்னடத்தில் ‘சீமெ எண்ணெ’, தமிழ் வட்டார வழக்கிலும் ‘சீமெண்ணெய்’. மண்ணிலிருந்து வந்தது, சீமையிலிருந்து வந்தது என்று தோற்றத்தால் வேறுபடுத்தினாலும், இப்பெயர்கள் அனைத்தும் அதை எள்ளெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றின் வரிசையிலேயே வைக்கின்றன. பெட்ரோலுக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. அது அயற்சொல்லாகவே நின்றுவிட்டது.

ஆனால் எஞ்சின் பெயரைப் பார்ப்பதில்லை, ஆவியாகும் தன்மையைத்தான் பார்க்கிறது. பெட்ரோல் சுமார் 30 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்குச் சுமார் 150 பாகை வேண்டும். எனவே குளிர்ந்திருக்கும் எஞ்சினை மண்ணெண்ணெயால் கிளப்புவது கடினம். வள்ளத்தில் சிறிய பெட்ரோல் தொட்டி ஒன்றும் பெரிய மண்ணெண்ணெய்த் தொட்டி ஒன்றும் இருப்பதற்குக் காரணம் இதுதான். பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் வால்வைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்றுமுன் மீண்டும் பெட்ரோலுக்கு வருவார்கள். இல்லையேல் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் எவ்வளவு கயிறு இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. இந்தக் கடைசிப் படியை மிச்சம் பிடிப்பவர் சில மில்லிலிட்டர் பெட்ரோலைச் சேமித்து ஒரு விடியற்காலையை இழக்கிறார்.

பழைய எஞ்சின் நின்றுபோனால் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்துசேரவில்லை. மண்ணெண்ணெயில் நனைந்திருந்தால், எஞ்சின் சூடேறும் முன்பே வால்வு மாற்றப்பட்டிருக்கலாம். கரி படிந்திருந்தால் எரிதல் முழுமையாக நடக்கவில்லை.

எரிபொருள் வரவில்லையென்றால் தேடல் தொட்டியிலிருந்து தொடங்கும். குழாயின் நடுவிலுள்ள ரப்பர் கைப்பம்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால், தொட்டி மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது அல்லது பம்புக்கு முன்னே அடைப்பு உள்ளது. எத்தனை முறை அழுத்தியும் அது இறுகாவிட்டால் எங்கோ காற்று நுழைகிறது. அதை அழுத்தும்போது மட்டும் எஞ்சின் உயிர்பெற்றால், எஞ்சினிலுள்ள எரிபொருள் பம்பின் டயாபிரம் தளர்ந்திருக்கக்கூடும். இவை எல்லாம் சரியென்றால் கார்புரேட்டரின் ஜெட்டைத் தூய்மை செய்ய வேண்டும். தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதை அறியச் சிறிது எரிபொருளைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால் போதும். தண்ணீர் அடியில் தங்கும்.

இப்பழுதுகள் அனைத்தையும் மீனவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட முடியாது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றப்பட்டது, அது கள்ளச் சந்தைக்குப் போவதைக் கண்டுபிடிக்க. மீனவருக்கோ அனுமதிச் சீட்டின்படி அளவிட்ட பங்கு கிடைத்தது. போதாததை வெளிச்சந்தையில் வாங்க நேர்ந்தது. அங்கு வாங்கியதன் தரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. 2016 முதல் ஒன்றிய அரசு ரேஷன் மண்ணெண்ணெயின் விலையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, 2020இல் மானியத்தை முற்றிலும் முடித்தது. சமையல் எரிவாயுவும் மின்சாரமும் வீடுகளை எட்டியதால் மண்ணெண்ணெயின் தேவை தீர்ந்தது என்பது அரசின் கணக்கு. வீட்டை வைத்துப் போட்ட அக்கணக்கில் வள்ளம் இல்லை.

பெட்ரோலுக்கு மாறுவதும் எளிதன்று. 2023இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் படியும். பழைய ரப்பர் குழாய்களையும் டயாபிரங்களையும் அது சிதைக்கக்கூடும். சாலையில் ஓடும் வண்டியை மனத்தில் வைத்து எடுத்த முடிவு, உப்புக்காற்றில் வாரக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு தொட்டியில் வேறு விளைவைத் தருகிறது.

சாலையில் எஞ்சின் நின்றால் வண்டியை ஓரம் தள்ளலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் முதலப்பொழி முகத்துவாரத்தில் மணல் திட்டுகளுக்கிடையே அலை எழும்பும்போது அதற்கு வழியில்லை. அங்கு படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அவ்விபத்துகளைப் பற்றிய விவாதம் துறைமுகத்தின் அமைப்பையும் மணல் தேக்கத்தையும் சுற்றியே நடப்பது நியாயம்தான். ஆயினும் அலையைக் கடக்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் எஞ்சின் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதும், அது எரிபொருளின் தூய்மையைச் சார்ந்தது என்பதும் சேர்த்துப் பேசப்பட வேண்டியவை.

கடலோரப் பொருளாதாரத்தை ஆராயும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலைப் பட்டியல்களையும் மானிய ஆணைகளையும் படிக்கும் அதே கவனத்தோடு, துறைமுகத்து எஞ்சின் பட்டறைகளின் கணக்கேடுகளையும் கேட்டுப் பாருங்கள். எந்த ஆண்டில் எந்தப் பாகம் அடிக்கடி மாற்றப்பட்டது என்பதை ஆணைகளின் தேதிகளோடு ஒப்பிட்டால், கொள்கையின் விளைவுகள் பாகம் பாகமாகத் தெரியவரும். அந்த ஏடுகள் எந்த ஆவணக் காப்பகத்திலும் சேராமல் எண்ணெய்க் கறையோடு பழைய தாள் கடைக்குப் போவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.