காட்டுயிர் நலக் கொள்கை (இந்தியா)

காட்டு விலங்குகளையும் பறவைகளையும் நோயிலிருந்து காப்பது, பரவும் நோயை முளையிலேயே கண்டறிவது, அது கால்நடைக்கும் மனிதருக்கும் தொற்றாமல் தடுப்பது ஆகியவை இக்கொள்கையின் நோக்கங்கள். இந்தியாவில் இது ஒரே சட்டத்தில் உருவானதல்ல. பெரும் இழப்புகளுக்குப் பிறகு ஒரு சட்டப்பிரிவு, ஒரு தடை, ஒரு நிறுவனம் எனச் சிறுகச் சிறுக வளர்ந்தது.

தொடக்கக் காலம்

1957இல் இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. அக்கம்பக்கத்து ஊர்களில் கடுங்காய்ச்சல் கண்டது. உண்ணிகள் வழியே பரவும் வைரஸே காரணம் எனக் கண்டறியப்பட்டது. ‘குரங்குக் காய்ச்சல்’ என மக்கள் அழைக்கும் இந்நோய் இன்றும் ஒழியவில்லை. நோய் எதிர்த்திசையிலும் பயணித்தது. 1968இல் மாடுகளின் வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளின் காட்டெருமைகளைப் பெருமளவில் அழித்தது.

சட்டமும் தடையும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதன்மையாக வேட்டையையும் விலங்கு வணிகத்தையும் கட்டுப்படுத்தியது. நோய்த்தடுப்புக்கு அதில் தெளிவான இடம் கிடைத்தது 1991ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான். சரணாலயத்துக்கு உள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வதை 33அ பிரிவு தலைமை வனவிலங்குக் காப்பாளரின் கடமையாக்கியது.

கால்நடை மருந்தும் காட்டுயிரை அழிக்கும் என்பதைப் பாறு கழுகுகளின் வீழ்ச்சி காட்டியது. டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட மாடுகளின் சடலங்களைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறு கழுகுகளுக்கு இத்தடை உயிர்நாடி.

ஒருங்கிணைந்த திட்டம்

2017–2031க்கான தேசிய வனவிலங்குச் செயல்திட்டம் காட்டுயிர் நலத்துக்குத் தனி இடம் அளித்தது. அடுத்த ஆண்டே கிர் காட்டில் 23 சிங்கங்கள் மடிந்தன. பலவற்றில் நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் காணப்பட்டது. ஆசியச் சிங்கங்கள் இயற்கையாக வாழும் ஒரே நிலப்பரப்பு அது என்பதால் ஆபத்தின் அளவு புரிந்தது. 2021இல் வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது, இரண்டு இறந்தன.

இதன்பின் மனிதர், கால்நடை, காட்டுயிர், சூழல் ஆகியவற்றின் நலனை ஒன்றாகக் கருதும் தேசிய ‘ஒன் ஹெல்த்’ இயக்கம் உருவானது. மைய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன்முயற்சியில் தேசியக் காட்டுயிர் நலக் கொள்கையை வகுக்கும் பணி தொடங்கியது. 2025 மார்ச்சில் குஜராத்தின் ஜுனாகத்தில் தேசியக் காட்டுயிர் மருத்துவ மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

சிக்கல்

காட்டுயிர், கால்நடை, மனித நலம் ஆகிய மூன்றும் வெவ்வேறு அமைச்சகங்களின் பொறுப்பில் உள்ளன. கிருமியோ மூன்றிலும் தடையின்றிப் புகுகிறது. காட்டில் ஒரு சடலத்தைக் கண்ட வனக்காவலரின் தகவல் கால்நடை மருத்துவரையும் ஆய்வகத்தையும் ஆரம்பச் சுகாதார நிலையத்தையும் தாமதமின்றி எட்டினால்தான் இக்கொள்கை பயன் தரும்.