ஒரு பக்கம் குடிமாறிய கதை

ஒரே வாசல், ஒரே கிணறு, ஆறு குடித்தனம். சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகள் அநேகமாக மறைந்துவிட்டன. அந்த ஏற்பாடு மட்டும் மறையவில்லை. 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்தில், லேத்துப் பட்டறைகளுக்கு அக்கம்பக்கமாக இன்று டேட்டா சென்டர்கள் எழுந்திருக்கின்றன. அங்குள்ள சர்வர்களில் பலவும் ஒண்டுக்குடித்தனங்கள்தான். அப்படிப்பட்ட சர்வர் ஒன்றில் வாழும் ஒரு மெமரி பக்கத்தின் கதை இது.

பக்கம் என்பது 4,096 பைட். 64 ஜிபி ராம் பலகை ஒன்றில் இப்படி 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 பக்கங்கள். மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும் பழக்கத்தின் பூர்விகம், 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி.

சர்வரைப் போட்டதும் நம் பக்கம் வீட்டுக்காரர் கைக்குப் போகிறது. வீட்டுக்காரர் என்றால் ஹோஸ்ட் கர்னல். 2007-இல் லினக்ஸோடு சேர்ந்த கேவிஎம் முறையில், குடித்தனக்காரரான விர்ச்சுவல் மெஷின் ஒவ்வொன்றும் ஹோஸ்டின் கண்ணுக்குச் சாதாரண புரோகிராம் ஒன்றுதான். உள்ளே ஓடும் கெஸ்ட் கர்னலோ, மொத்த வீடும் தன்னுடையது என்றே நம்புகிறது.

கெஸ்டுக்கு 8 ஜிபி என்று பேசியிருந்தாலும், வழக்கமாக அத்தனையும் முதல் நாளே கைமாறுவதில்லை. கெஸ்ட் தொடும் நேரத்தில்தான் ஹோஸ்ட் ஒரு பக்கத்தைப் பூஜ்ஜியங்களால் துடைத்துக் கொடுக்கிறது. அன்று முதல் அதற்கு இரண்டு கதவிலக்கம்: கெஸ்ட் வைத்தது ஒன்று, நிஜமானது ஒன்று. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலையை இன்டெல் 2008-இல் சிப்புக்குள்ளேயே வைத்தது. நான்கு முறை தேடினால் கிடைத்த முகவரிக்கு, இந்த ஏற்பாட்டில் 24 முறை வரை தேட வேண்டிவரும்.

நம் பக்கத்துக்குக் கிடைத்த முதல் வேலை, டிஸ்க்கிலிருந்து படித்த ஃபைலின் நகலைப் பத்திரமாக வைத்திருப்பது. காலியாக 200 எம்பிதான் இருக்கிறது என்று அட்மின் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். பார்க்க வேண்டியது ‘ஃப்ரீ’ பத்தியை அல்ல, ‘அவைலபிள்’ பத்தியை. ஃபைல் நகலைக் கேட்டால் கர்னல் பெரும்பாலும் உடனே காலிசெய்து கொடுத்துவிடும்.

நிஜச் சிக்கல் வேறு. ஆவடி ரயிலுக்கு சீசன் டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் ஒரே வண்டியில் ஏறுவதில்லை என்ற தைரியத்தில் ரயில்வே டிக்கெட் கொடுக்கிறது. ஹோஸ்டும் அதே தைரியத்தில், இருப்பதைவிட அதிக மெமரியைப் பேசிக் கொடுக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறிவிட்டால்?

முதலில் ஹோஸ்ட் நயமாகக் கேட்கும். பலூன் டிரைவர் என்ற தன் ஆளை கெஸ்டுக்குள் உட்கார வைத்திருக்கும். அவர் உள்ளிருந்தே பக்கங்களைப் பிடித்து வெளியே நீட்டுவார். விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் விளக்கிய உத்தி இது. கேவிஎம் கெஸ்டில் மொத்த மெமரியே திடீரென்று சுருங்கித் தெரிந்தால் இவரைச் சந்தேகிக்கலாம். அதிலும் பற்றாவிட்டால் ஹோஸ்ட் பக்கங்களை டிஸ்க்குக்குக் கடத்தும். அப்போது கெஸ்டில் மெமரி தாராளமாகவே தெரியும். வேலை மட்டும் ஊர்ந்து போகும். கடைசி ஆயுதம், மெமரி தீரும்போது புரோகிராமைக் கொல்லும் ஓஓஎம் கில்லர். அது கெஸ்டுக்குள் கிளம்பினால் ஒரு புரோகிராம் சாகும். கெஸ்டின் கர்னல் பதிவேட்டில் வரி விழும். ஹோஸ்டில் கிளம்பினால் விர்ச்சுவல் மெஷினே மொத்தமாகச் சாகலாம்; கெஸ்டின் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது.

ஆகவே, மெமரி தகராறு என்றால் இரண்டு வீட்டிலும் விசாரிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு ஹோஸ்டின் பதிவேடு கிடைக்காது. அவர் செய்யக்கூடியது, மெஷின் எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்துச் சொல்வது. அந்த நேரத்தை வைத்து வீட்டுக்காரர் தன் பதிவேட்டைப் புரட்டலாம்.

நம் பக்கத்தைக் கேட்டுப் பயனில்லை. விர்ச்சுவல் மெஷின் செத்த மறுநொடியே அது வீட்டுக்காரரிடம் திரும்பியிருக்கும். துடைக்கப்பட்டு, அடுத்த குடித்தனத்தில் வேறு கதவிலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும்.