லூஷோன்–பயோன் கட்டம்

லூஷோன்–பயோன் கட்டம், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பழைய மலைக் கட்டங்களில் ஒன்று. 1910-இல் தொடங்கி 1920களின் இறுதிவரை நடந்தது. பிரனீஸ் மலைத்தொடரின் பேய்ரசூர்ட், ஆஸ்பான், தூர்மலே, ஒபிஸ்க் ஆகிய கணவாய்களை ஒரே நாளில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. தூரம் 326 கிலோமீட்டர். 1913 முதல் திசை மாறி, பயோனில் புறப்பட்டு லூஷோனில் முடிந்தது.

இதன் பிறப்பில் ஒரு பொய் இருக்கிறது. பந்தயத்தை நடத்திய ‘லோட்டோ’ பத்திரிகையில் வேலை பார்த்த அல்ஃபோன்ஸ் ஸ்டெய்னெஸ், மலைவழியைச் சேர்க்கும்படி ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்சை நச்சரித்தார். பாதையைப் பார்த்துவரத் தானே கிளம்பியும் போனார். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலேயில் கார் பனியில் சிக்கியது. இறங்கி நடந்தவர் இருட்டில் வழி தவறி, விடிவதற்கு முன் அடிவாரத்து ஊர் ஒன்றில் விறைத்துப்போய்க் கரைசேர்ந்தார். அங்கிருந்து அவர் அடித்த தந்தியில், தூர்மலேயைக் கடந்துவிட்டதாகவும் பாதை மிக நன்றாக இருப்பதாகவும் சொல்லியிருந்தார்.

தந்தியின் விலையை 1910 ஜூலை 21 அன்று வீரர்கள் கொடுத்தார்கள். அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்பாடு. பாதை என்பது கல்லும் மண்ணும். கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி இல்லை. வேறு பல்சக்கரம் வேண்டுமென்றால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். தூர்மலேயில் கால் ஊன்றாமல் ஏறிய குஸ்தாவ் கரிகுவுக்கு 100 ஃபிராங்க் பரிசு கிடைத்தது. ஒபிஸ்க் உச்சியை முதலில் தொட்டவர் உள்ளூர்க்காரரான லஃபூர்காத். வெகுநேரம் கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒக்தாவ் லபீஸ், அங்கே நின்ற அமைப்பாளர்களைப் பார்த்து “கொலைகாரர்கள்!” என்று கத்தினார். கத்தியவரே பிறகு லஃபூர்காத்தைப் பிடித்து, 14 மணி 10 நிமிடத்தில் பயோனுக்கு முதலாவதாக வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு பந்தயமும் அவருக்கே. ஃபிரான்சுவா ஃபாபரை நான்கே புள்ளிகள் வித்தியாசத்தில் முந்தினார்.

களைத்தவர்களை அள்ளிவரும் ‘துடைப்ப வண்டி’ பந்தயத்தில் அறிமுகமானதும் அந்த 1910-இல்தான். வேறு எந்த ஆண்டு அது இவ்வளவு தேவைப்பட்டிருக்கும்?

1913-இல் யூஜின் கிறிஸ்தோஃப் தூர்மலேயிலிருந்து இறங்கும்போது சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி பெறக்கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் போட்டு, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேன்ட்-மரி-தெ-காம்பான் ஊரின் கொல்லன் பட்டறைக்குள் நுழைந்தார். கொல்லர் வாயால் வழி சொல்லலாம், கை வைக்கக்கூடாது. நடுவர்கள் கண்கொட்டாமல் பார்த்து நிற்க, கிறிஸ்தோஃபே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பற்றவைத்தார். ஒரு கையில் ஃபோர்க், மறு கையில் சுத்தியல். துருத்தியை ஊத மூன்றாவது கை ஏது? பட்டறைச் சிறுவன் ஒருவன் ஊதினான். அதற்காக அபராத நிமிடங்கள் போட்டார்கள். ஏற்கெனவே மணிக்கணக்கில் பின்தங்கியவருக்கு அது ஒரு பொருட்டா என்று நடுவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த ஊரில் இன்று அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது.

மிகக் கொடிய ஆண்டு 1926. மழை, குளிர், சேறு. வென்ற பெல்ஜியர் லூசியன் பௌசுக்கே 17 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பலர் வழியிலேயே கைவிட்டனர். நேர வரம்பைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

பிறகு கட்டங்கள் குறுகின, சாலைகள் தாராயின, 1937-இல் கியர் மாற்றியும் வந்தது. லபீஸ் இவற்றைப் பார்க்கவில்லை. முதல் உலகப் போரில் விமானியாகச் சென்றவர், 1917 ஜூலை 14 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டார். இந்தக் கட்டத்தின் நூற்றாண்டை ஒட்டி 2010-இல் லூஷோனிலிருந்து அதே நான்கு கணவாய்கள் வழியாக வீரர்கள் மீண்டும் அனுப்பப்பட்டனர். ஆனால் கட்டம் போ நகரிலேயே முடிந்தது. தூரம் சுமார் 200 கிலோமீட்டர். பியரிக் ஃபெத்ரிகோ வென்றபோது ஆறு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.