எங்க ஊர் எந்தப் பட்டியலில் இருக்கு?

போன மாதம் 2001, 2011 சென்சஸ் கிராமப் பட்டியல்களை ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு ஒப்பிட உட்கார்ந்தேன். 2001-ல் எங்க ஊர் இருக்கு. 2011-ல் இல்லை! கிராமக் குறியீட்டு எண்கள் மாறியதால் இருக்குமோ என்று பெயரை வைத்தும் தேடினேன். கடைசியில் நகரங்களின் பட்டியலில், 'சென்சஸ் டவுன்' என்ற தலைப்பின் கீழ் கிடைத்தது.

ஊரில் யாருக்கும் இது தெரியாது. இன்றும் கிராம ஊராட்சிதான், தலைவரும் வார்டு உறுப்பினர்களும்தான். சென்சஸ் கணக்கு வேறு: 5,000 பேருக்கு மேல் இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்கணும், வேலைக்குப் போகும் ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலை பார்க்கணும். மூன்றும் சேர்ந்தால் அது நகரம். நிர்வாகம் யார் என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஊர்கள் 2001-ல் 111, 2011-ல் 376. மாநில நகர மக்கள் தொகை 44 சதவீதத்திலிருந்து 48-க்குப் போனதில் இதற்கும் பங்கு உண்டு. அதாவது, யாரும் மூட்டை கட்டாமலேயே நகரவாசி ஆகிவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல், பழைய கணக்கில் 'கிராமம்' என்றால் வருவாய் கிராமம். சர்வே எண், அடங்கல், சிட்டா எல்லாம் அதற்குள்தான். ஒரு வருவாய் கிராமத்துக்குள் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கலாம். நாம் 'எங்க ஊர்' என்று சொல்வது அதில் ஒன்றாக இருக்கலாம். ஊராட்சியின் எல்லை வேறு மாதிரி. அதனால் 1951 மாவட்ட சென்சஸ் கையேட்டில் உள்ள எண்ணையும் இன்றைய ஊராட்சியின் எண்ணையும் பக்கத்தில் வைத்து 'ஊர் இத்தனை மடங்கு வளர்ந்தது' என்று எழுதினால் தப்பாகப் போக வாய்ப்பு அதிகம். (நானும் எழுதியிருக்கிறேன். இப்போது திருத்திவிட்டேன்.)

இந்த எல்லைகளெல்லாம் ஒரு காலத்தில் கர்ணத்தின் தலையில் இருந்தன. ஆரம்பக் கால சென்சஸ்களில் கிராமத்து ஆட்களை எண்ணியதில் அவர்கள் பங்கு பெரிது. நிலக்கணக்கும் அவர் கையில், ஆள்கணக்கும் அவர் கையில். பதவி பரம்பரையாக வந்ததால் யார் நிலம் எது என்பதில் அந்த ஒரு குடும்பத்தின் சொல்லே சட்டம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அரசு பக்கம் தீர்ப்பானது. பிறகு வந்தவர்தான் வி.ஏ.ஓ. தேர்வு எழுதி வருகிறார், மாற்றலாகிப் போகிறார். ஊரின் உள்விவரம் அவருக்குக் குறைவுதான். ஆனால் பழைய ஏற்பாட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

பெயர்ப்பலகை மாறுவதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். 2004-ல் 561 பேரூராட்சிகளைத் தமிழக அரசு 'சிறப்புக் கிராம ஊராட்சி' ஆக்கியது. கிராமத்துக்கான மத்திய அரசு நிதி கிடைக்கும் என்பதுதான் காரணம். 2006-ல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். அதே 2006-ல் வந்த 100 நாள் வேலை ஊரகப் பகுதிக்கு மட்டும். சென்சஸ் டவுன் ஆனாலும் கிராம ஊராட்சி நீடிப்பதால் எங்க ஊரில் அந்த வேலை நடந்தது. பக்கத்து நகராட்சியோடு சேர்த்திருந்தால் நின்றிருக்கும், வீட்டு வரியும் ஏறியிருக்கும். அதனால்தான் நகராட்சியோடு இணைப்பு என்றதும் பல ஊர்களில் பெண்கள் மனு எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போகிறார்கள்.

என் ஷீட்டில் இப்போது ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று காலம் சேர்த்திருக்கிறேன்: வருவாய் கிராமம், ஊராட்சி, சென்சஸ் வகை. உங்க ஊருக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.