என்ஃபீல்டு: ஊரைவிட்டுக் கிளம்பிய பெயர்

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகும் ஒவ்வொரு புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கிலும் ஓர் ஆங்கிலேய ஊரின் பெயர் இருக்கிறது. லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றை ஒட்டி இருந்த ஊர் என்ஃபீல்டு. இன்று அந்த மாநகருக்குள் அடங்கிவிட்டது. 1086ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசர் எடுத்த நிலக் கணக்கில் ‘எனெஃபெல்டே’ என்று பதிவாகியிருக்கிறது.

சொல்லின் பிற்பாதி ‘ஃபெல்ட்’. வேலி அடைத்த வயலுக்கு அன்று அந்தப் பெயர் இல்லை. காட்டை அடுத்து மரமின்றித் திறந்து கிடந்த வெளிக்கே அது வழங்கியது. அவ்வூரை ஒட்டி அரசரின் வேட்டைக்காடு நெடுங்காலம் இருந்ததால் இப்பொருள் நன்கு பொருந்துகிறது. முற்பாதிக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு: ‘ஏயனா’ என்ற ஆளின் பெயர், அல்லது ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘ஏயன்’. ஆக, ஏயனாவின் வெளி, அல்லது குட்டிகள் மேய்ந்த வெளி.

இந்த ஊர்ப்பெயரே அரிதான ஒரு குடும்பப் பெயராகவும் ஆனது. எல்லாரும் அந்த ஊர்க்காரர்களாக இருக்கும் இடத்தில் ஊர்ப்பெயரால் ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. வெளியூரில் குடியேறியவரையே அப்படி அழைப்பார்கள். கச்சேரி மேடையில் ‘அரியக்குடி’ என்றால் ராமானுஜ ஐயங்கார் ஒருவர்தான். அரியக்குடியிலோ ஊரே அரியக்குடிதான். பேச்சுப் பயிற்சிக்கான புகழ்பெற்ற பாடநூலை 1774இல் வெளியிட்ட வில்லியம் என்ஃபீல்டும் சஃபோக் மாவட்டத்துச் சட்பரியில் பிறந்தவர்.

பெயர் இரும்பில் ஏறியதும் இதே வழியில்தான். 1816இல் என்ஃபீல்டில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. 1857இல் சிப்பாய்கள் தொட மறுத்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியவை. பிரென் துப்பாக்கியின் பெயரிலும் இவ்வூர் இருக்கிறது: ‘பிர்’ செக் நாட்டுப் பிர்னோ, ‘என்’ என்ஃபீல்டு. என்ஃபீல்டுத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் வேலை, ஊசித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ரெட்டிச் நகரத்துச் சைக்கிள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் 1893இல் அந்நிறுவனம் தன் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயரிட்டது. 1901இல் மோட்டார் சைக்கிளும் வந்தது. அது பிறந்த ஊரும் ரெட்டிச், என்ஃபீல்டு அல்ல.

1955இல் அந்நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ தொடங்கியபோது பெயர் கடல் கடந்தது. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. 1970இல் இங்கிலாந்தில் வண்டி உற்பத்தி நின்றது. 1988இல் துப்பாக்கித் தொழிற்சாலையும் மூடப்பட்டது. இங்கேயோ 2013இல் ஒரகடம் ஆலையும் 2017இல் வல்லம் வடகால் ஆலையும் இயங்கத் தொடங்கின.

ஒரு பெயரின் பொருளை அது பிறந்த மண்ணில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி அதை ஏற்று வளர்த்தவர்களின் உழைப்பில் இருக்கிறது. இன்று ‘என்ஃபீல்டு’ என்ற சொல்லுக்கு அகராதி எழுதுபவர், ஏயனாவின் வெளியையோ ஆட்டுக்குட்டி மேய்ந்த வெளியையோ வேர்ப்பொருளாகவும் ஒரகடத்து வண்டியை வழக்குப் பொருளாகவும் குறிப்பதே நேர்மை.