வெளிநாட்டில் வரி கட்டியும் ஐடி ரிட்டர்னில் சிக்கலா? இதையெல்லாம் செக் பண்ணுங்க!

வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கேயே வரி கட்டியாச்சு. இங்கே ஐடி ரிட்டர்னில் அதைக் கழிக்கச் சொன்னால் ஏற்க மறுக்கிறார்களா?

முதலில் படிவத்தைப் பாருங்க. இந்தியாவில் வசிப்பவருக்கு வெளிநாட்டு வருமானம் இருந்தால் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 செல்லாது. ஐடிஆர்-2 அல்லது 3 தான்.

அடுத்து, படிவம் 67. இதை ஆன்லைனில் தனியாகத் தாக்கல் செய்யணும். வரி கட்டியதற்கான சான்றையும் இணைக்கணும். 2024-25 நிதியாண்டுக்குக் கடைசி நாள் 2026 மார்ச் 31. ரிட்டர்னின் எஃப்எஸ்ஐ, டிஆர் அட்டவணைகளிலும் அதே தொகை இருக்கணும்.

கட்டியது முழுசும் கழியாது. அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி, வெளிநாட்டில் கட்டிய வரி, இரண்டில் எது குறைவோ அதுதான் கழியும்.

'குறைபாடுள்ள ரிட்டர்ன்' என நோட்டீஸ் வந்தால் 15 நாளில் சரிசெய்யணும். கூடுதல் அவகாசமும் கேட்கலாம். கண்டுக்காம விட்டால், ரிட்டர்னே தாக்கல் செய்யாத கணக்காகிவிடும்!